அரிக்குது அண்ணே

லாரி டிரைவர் இருதயராஜோட கால் நரம்பு ஒரு தொணதொணப்பு. நரம்புங்க வழக்கப்படி தன் உடம்புல இருக்குற குட்டிக் கதவைத் திறந்து, சுத்தியிருக்குற உப்பை உள்ள விடும், சுரீர்னு கரண்ட் ஓடும், உடனே மேல இருக்குற முதுகு நரம்புகிட்ட கத்தும்: "அண்ணே, கட்டைவிரல் அரிக்குது! மூளைகிட்ட சொல்லு!"

முதுகு நரம்புக்குத் தெரியும், நேத்தே டாக்டருங்க அந்தக் காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்கன்னு, தம்பியோட மேல்பாதி மட்டும்தான் மிச்சம்னு. தம்பிகிட்ட எப்படிச் சொல்றது? அந்த ரோடு ஒன்வே. கீழேருந்து சேதி மேல வரும். மேலேருந்து ஒரு இருமல்கூடக் கீழ போகாது.

சரி, மூளைகிட்டயாவது மெதுவாச் சொல்லுவோம்னு பாத்துச்சு. அதுவும் முடியாது. இவங்க வம்சத்துல சொன்னா முழுசாச் சொல்லணும், இல்லன்னா வாயே திறக்கக் கூடாது. அரைக் கரண்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. தம்பி போட்ட சத்தத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கவும் முடியல. சொல்லிடுச்சு.

இருதயராஜ் தூக்கக் கலக்கத்துல சொறியக் கையை நீட்டுனாரு. வெறும் போர்வைதான் கையில சிக்குச்சு. அதையே பிடிச்சுக்கிட்டு அழுதாரு.

கீழேருந்து மறுபடி சத்தம்: "என்னண்ணே, இன்னும் யாரும் சொறியல? சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்டா தம்பி"ன்னுச்சு முதுகு நரம்பு, அவனுக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும்.