மூணாம் செட்

"மூணு... மூணு... கேக்குதாலே?"

அம்பாசமுத்திரம் வயர்லெஸ் அறையில், ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மைக்கில் கூப்பிட்டார் குற்றாலலிங்கம். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு 'டக், டக்' என்று இரண்டு தட்டு. பதிவேட்டில் 'மூணு, நலம்' என்று எழுதிவிட்டு, சத்தத்தைப் பழையபடி கூட்டி வைத்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தாள் விஜயஸ்ரீ, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உதவிப் பொறியாளர். மலையில் மழையளவு சொல்லும் ஐந்து செட்டுகளில் எது வேலை செய்கிறது என்று பார்த்து, ஓய்ந்துபோனதைப் பட்டியலில் அடித்துவிட்டுப் போவது அவளுக்கு இட்ட வேலை. சர்க்கார் ஒன்றைக் கொடுக்க ஆறு வருஷம் எடுத்துக்கொள்ளும். பிடுங்க ஒரு காலைப்பொழுது போதும்.

"மத்த நாலும் மழையளவு சொல்லுதே. மூணு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குது?"

"மைக் போயிட்டும்மா. பட்டன் மட்டும் வேலை செய்யுது. ரெண்டு தட்டுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

அவர் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விஜயஸ்ரீ தொண்ணூற்று மூன்றாம் வருஷப் பதிவேட்டைப் புரட்டினாள். ஜனவரியிலிருந்து இந்த ஜூன் வரை மூணாம் செட்டின் மழையளவுக் கட்டம் காலியாகவே கிடந்தது. 'நலம்' மட்டும் ஒரு நாள் தவறவில்லை.

செட்டுகளைப் பழுது பார்க்கும் நாசர் வாசலில் நின்று கண்ணைக் காட்டினான். அவள் எழுந்து வெளியே போனாள்.

"மேடம், மூணை மட்டும் விட்டுருங்க. அங்கன வேலை பாத்தது உள்ள இருக்க அண்ணாச்சி மவன் நடராஜ். போன வெள்ளத்துல, அளவு பாக்க வெளிய வந்தவனை ஓடை கொண்டு போயிட்டு. குடிசைல கிடந்த செட்டை நான்தான் கீழ கொண்டாந்தேன்."

"அப்ப தட்டுதது யாரு?"

நாசர் அறையின் பின்சுவரைக் காட்டினான். சுவருக்கு அந்தப் பக்கம்தான் குற்றாலலிங்கத்தின் குவார்ட்டர்ஸ்.

"அன்னத்தாய் மதினி. மவன் காரியம் முடிஞ்ச மறுநாளே அண்ணாச்சி வேலைக்கு வந்து, பழக்கத்துல மூணைக் கூப்பிட்டுட்டாரு. பதில் வரலேன்னா மனுசன் உடைஞ்சிருவாருன்னு, மதினிதான் செட்டைக் கேட்டு வாங்குனாங்க. தினம் எட்டு மணிக்கு அவங்கதான் பட்டனை அமுக்குதாங்க. அண்ணாச்சிக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

மூணை அடித்தால் நாளைக்கே செட்டைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். அடிக்காவிட்டால் விஜயஸ்ரீயின் வேலைக்கு உலை.

உள்ளே வந்து பட்டியலை விரித்தாள். 'மூணு' என்ற இடத்தில் வந்து பேனா நின்றுவிட்டது.

"நாசர் சொல்லிட்டானாம்மா?" என்றார் குற்றாலலிங்கம், தலை நிமிராமல்.

அவள் திடுக்கிட்டாள். "எதை?"

"ரெண்டு செட்டு பக்கத்துல பக்கத்துல இருந்தா ஸ்பீக்கர் ஊளையிடும். அதான் மூணைக் கூப்பிடும்போது மட்டும் சத்தத்தைக் குறைச்சுக்கிடுதேன்."

"தெரிஞ்சுக்கிட்டேவா தினம் கூப்பிடுதீங்க?"

சுவருக்கு அந்தப் பக்கம் குடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"நான் கூப்பிடலேன்னா அவ பாயை விட்டு எந்திரிக்க மாட்டாம்மா."