ஒரு செக்கன்

“என்ன கதிரவேலண்ணை, போன மாசம் அக்கா இந்தக் கமெராவை ஆசையாய்த் தூக்கிப் பாத்தவ. நீங்கள்தான் ‘உந்தப் பழஞ்சாமானுக்கு உவ்வளவு விலையோ’ எண்டு அவவை இழுத்துக்கொண்டு போனியள். இண்டைக்குக் கேட்ட விலையைத் தாறியள்!”

அச்சுவேலிச் சந்தைக்கு எதிரே பழைய சாமான் கடை வைத்திருந்த அருளம்பலத்துக்கு வாய் சும்மா இராது. அந்த ரஷ்யக் கமெராவின் தூசியை ஊதித் துடைத்தார்.

“கனடாவிலை இருக்கிற மோன் தாயின்ரை படம் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனான். இண்டைக்கு எடுத்தே ஆகவேணும். கெதியாய்ச் சொல்லித் தாரும், தம்பி.”

“ஸ்ரூடியோக்காரனைக் கூப்பிட்டிருக்கலாமே?”

“அவன் கொழும்புக்குப் போட்டான்.”

“சரி, தேத்தண்ணி குடியுங்கோ.”

“வேண்டாம்.”

“உள்ளுக்கை பிலிம் றோல் கிடக்கு, மூண்டு நாலு படம் வரும். பாத்து எடுங்கோ. யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் வேறை றோல் கிடையாது. அக்கா என்ன சீலை கட்டுறா?”

“கூறைச்சீலை.”

அருளம்பலம் கடகடவெனச் சிரித்தார். “இந்த வயசிலை மாப்பிளை பொம்பிளைக் கோலமோ! அப்ப நீங்களும் பட்டுவேட்டி கட்டுங்கோ.”

கதிரவேலு சிரிக்கவில்லை. போன மாதம் மனைவியோடு வந்து, காசைப் பார்த்துத் திரும்பிப் போனதை நினைக்க அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

“முத்தத்திலை வைச்சு எடுங்கோ, நல்ல வெளிச்சம்.”

“முத்தத்துக்கு வந்தால் பிறகு நேரமிருக்காது. வீட்டுக்குள்ளைதான் எடுக்கவேணும்.”

“அப்ப கஷ்டம். அரசாங்கம் பற்றரிக்குத் தடை போட்டுக் கிடக்கு, பிளாஷ் அடிக்கேலாது. இந்த வட்டத்தை இதிலை திருப்பிவிட்டு, கமெராவை மேசையிலை ஊண்டிப் பொத்தானை அமத்துங்கோ. கமெராக் கண் ஒரு செக்கன் நேரம் திறந்து நிண்டுதான் மூடும். அந்த நேரம் அக்கா மூச்சு விட்டாலும் முகம் கலங்கிப்போம். பொம்பிளையளல்லோ, சிரிச்சுக் குழப்பிப்போடுவினம். ஆடாமல் இருப்பாவோ?”

கதிரவேலு கமெராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஆடமாட்டா, தம்பி. விடியக் காலமையே மூச்சு நிண்டுபோச்சு.”