பாதி கொய்யா

தாராவி கிளினிக்கில் நான் தொப்பென்று உட்கார, மனைவிக்குத் தெரியாமல் கால்சட்டையின் பின்பையில் ஒளித்துவைத்த வாழைப்பழம் நசுங்கிவிடுகிறது. மின்விசிறி அந்த மணத்தை அறை முழுக்கப் பரிமாறுகிறது. “சர்க்கர ஏறிக் கெடக்கு, திருட்டுத் தீனி வேறயா?” என்று சங்கரேஸ்வரி என் தொடையைக் கிள்ளுகிறாள். சோற்றைக் குறைத்ததுகூட வலிக்கவில்லை. மூன்று மாதமாகப் பழமில்லாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் “பாத்து சாப்பிடுங்க” என்கிறார்கள். எதை, எவ்வளவு என்று ஒருவரும் சொல்வதில்லை. வெளியே கொய்யா வண்டிக்காரன் இந்தியில் கூவுகிறான். உணவு ஆலோசகர் ஜான்சியின் மேசையில், என் ரத்தப் பரிசோதனைத் தாள்மேல், சன்னல் வெயில் விழுந்து கிடக்கிறது. “ஆயுசுக்கும் பழமே கூடாதா தாயி? நேராச் சொல்லிரு” என்கிறேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடுகிறாள். “தின்னலாம் அண்ணாச்சி. தெனமும் பாதி கொய்யா. அந்த வேளைக்கு ஒரு சப்பாத்தியக் கொறச்சிக்கிடுங்க, அவ்வளவுதான்.”