அப்பளக் கம்பெனிப் பூனை

அப்பளக் கம்பெனி ஒன்றில் ஒரு பூனை இருந்தது. உளுந்து மாவு மூட்டைகளை எலியிடமிருந்து காப்பாற்றியதற்காக அதற்குத் தினமும் ஒரு கிண்ணம் பால் கிடைத்தது.

அந்தக் கம்பெனி இருந்த நாடு பக்கத்து நாடுகளோடு சேர்ந்து ஒரே பெரிய சந்தையாகப் போவதாகப் பேச்சு வந்தது. அங்கே விற்க வேண்டுமானால் மாவு அறையில் பூனை முடிகூட இருக்கக் கூடாதாம். முதலாளியம்மா சுவருக்கு வெள்ளையடித்தாள். பூனையை வாசலுக்கு அனுப்பிவிட்டு, மாவு அறையில் புது எலிப்பெட்டி ஒன்றை வைத்தாள். பாலை மட்டும் நிறுத்தவில்லை.

ஆனாலும் அந்தப் பால் பூனைக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ஜன்னலில் ஏறிக் கத்தியது.

"வாயைத் தொறந்துக்கிட்டு சும்மா கெடக்குற உனக்கு உள்ள எடம், ஓடி ஓடிப் பிடிச்ச எனக்கு வாசலா?"

"நானா கேட்டேன், அக்கா? வச்சாங்க, இருக்கேன்" என்றது பெட்டி.

"இருடி, உன் வண்டவாளம் ஊருக்கே தெரியட்டும்."

அதிகாரி சோதனைக்கு வந்த அன்று, பூனை சாக்கடையோரத்திலிருந்து இரண்டு எலிகளைக் கவ்விவந்து, உயிரோடு ஜன்னல் வழியே உள்ளே விட்டது. கதவைத் திறந்த அதிகாரியின் செருப்பின் மேலேயே அவை ஓடின.

கம்பெனிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெரிய சந்தையிலிருந்து விலை குறைந்த அப்பளங்கள் வந்து இறங்கியதும் உள்ளூர் வியாபாரமும் படுத்தது. முதலாளியம்மா பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பூனை ஜன்னலில் எட்டிப் பார்த்தது. வெறும் அறையில் எலிப்பெட்டி மட்டும் கிடந்தது.

"ஏதாவது சிக்கிச்சா?"

"மாவே இல்ல, எலி எங்கிருந்து வரும்?"

"எனக்கும் ஒண்ணும் சிக்கல" என்ற பூனை, வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக இறங்கிவந்து, காய்ந்த கிண்ணத்தை நக்கத் தொடங்கியது.