ஊளையிட்ட லைன்

கோவிந்தராசு மிராசுதார் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினார்.

“தஞ்சாவூரா? லாரி அனுப்பு. லாரி!”

வீட்டு போன் செத்துக் கிடந்ததால் மன்னார்குடி டெலிபோன் எக்சேஞ்சுக்கு அவரே வந்திருந்தார். ஆட்சி மாறியிருந்தது, கூலி மாறவில்லை. அறுவடை ஆட்கள் அவர் வயலை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடித்து விரட்ட வெளியூர் ஆட்கள் வேண்டும்.

மறுமுனைக் குரல் மங்கலாக வந்தது.

“ஏம்ப்பா, சத்தத்தைக் கூட்டேன்,” என்றார் டெக்னீஷியன் வைரக்கண்ணுவிடம்.

நீளமான கேபிளும் மின்சாரத்தைத் தேக்கிக்கொள்ளும் ஒரு கெப்பாசிட்டர்தான். போகிற வழியில் குரலில் பாதியை விழுங்கிவிடும். மேசைமேல் இருந்த பெட்டி அதற்கு நேர் எதிரான கெப்பாசிட்டன்ஸை லைனில் சேர்த்து, விழுங்கியதை ஈடுகட்டியது. அளவு மிஞ்சினால் யாரும் பேசாமலே லைன் ஊளையிடும்.

“இதுக்கு மேல கூட்டினா ஊளையிடுங்க.”

“சொன்னதைச் செய்.”

வைரக்கண்ணு குமிழைத் திருகினான்.

மிராசுதார் ரிசீவரை மேசையில் போட்டார். ஊளை அறை முழுவதும் கேட்டது.

“என்ன எழவு இது! சரி பண்ணி வை. சாப்பிட்டுட்டு வரேன்.”

கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வைரக்கண்ணு குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். ஊளை நின்றது. ரிசீவரை எடுத்தான். தஞ்சாவூர்க்காரர் இன்னும் காத்திருந்தார்.

“அண்ணே, ஆளுங்க ரெடி. லாரி எந்த வயலுக்கு வரணும்?”

மங்கலான லைனில் எல்லார் குரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“வேண்டாம். பேசி முடிச்சாச்சு,” என்றான் வைரக்கண்ணு. ‘ங்க’ போடவில்லை.

மிராசுதார் திரும்பி வந்து கூப்பிட்டபோது தஞ்சாவூரில் லாரி ஆட்கள் கலைந்துவிட்டிருந்தார்கள். சாயங்காலம் தாசில்தார் வயலுக்கே வந்து இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். கூலி கொஞ்சம் ஏறியது.

போனில் பேசியது யார் என்பது அந்த மாதமே தெரிந்துவிட்டது. வைரக்கண்ணுவுக்கு வேலை போனது.

விசாரணை அதிகாரி ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். “அந்த வயல்ல உன் சொந்தக்காரங்க யாராவது இருந்தாங்களா?”

“இல்லைங்க.”

அது உண்மை.

அவன் அம்மா அம்சம் செத்தது வேறொரு மிராசுதாரின் வயலில், முந்தின வருஷ அறுவடையில். அங்கே லாரி வந்து சேர்ந்திருந்தது.