சொல்லக் கூடாத வேலை

“சொல்ல முடியாது மேடம். ரகசியம்.”

மூன்றாவது முறையும் அதே பதில். சேர்க்கை ஆலோசகருக்குத் தலை சுற்றியது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கும் என்றே நடக்கும் அரசுப் பல்கலைக்கழகம் அது. பார்த்த வேலை எதுவானாலும் அதற்குச் சான்று இருந்தால் மூன்று வருடப் படிப்பில் ஒரு வருடத்தையே கழித்துவிடுவார்கள். அதற்காக எதிர் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் அளந்து தள்ளுவார்கள். இந்த மீசைக்காரரோ வாயைத் திறக்க மறுத்தார்.

“சார், படை எங்கே நின்னுச்சுன்னா கேட்கிறேன்? நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னுதானே?”

“அதைத்தான் சொல்ல முடியாது.”

“பட்டாளச் சான்றிதழ்ல அதைப் போட்டிருக்கிற ரெண்டாம் பக்கத்தையும் காணோமே?”

“அதைப் பட்டாளத்துலயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க.”

பக்கத்தில் இருந்த மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. “என்கிட்டயே மூச்சு விட்டதில்லைங்க. பதினெட்டு வருஷம்!”

ஆலோசகர் கெஞ்சாத குறைதான். “சார், ரெண்டு வருஷத்துல டிகிரி வாங்கினா கம்பெனியில மேனேஜர் வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க? மூணாச்சுன்னா வேற யாராவது தட்டிட்டுப் போயிடுவாங்க.”

மீசைக்காரர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“போனா போகட்டும் மேடம்” என்று விறைப்பாக எழுந்து வெளியே போனார். மனைவியும் பின்னாலேயே போனாள்.

ஆலோசகருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உளவு வேலையா? இவ்வளவு பெரிய ஆளிடம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டோமோ என்று பயம்கூட வந்தது.

கதவு திறந்தது. மனைவி மட்டும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

“சமையல்னு எழுதிக்குங்க மேடம்.”

“என்னது?”

“ஐந்நூறு பேருக்கு, மூணு வேளையும். லீவுல வந்தப்போ ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். அடுப்படிக்குப் போனவர் ரெண்டு பேருக்குச் சோறு வைக்கத் தெரியாம இருபது பேருக்கு வெச்சுட்டார். அன்னிக்கே எனக்கு விளங்கிப்போச்சு. பட்டாள ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, அவங்களும் சொல்வாங்க.”

“அப்புறம் ஏன்க்கா தெரியாத மாதிரியே...?”

“என் முன்னால எல்லையில நின்ன வீரனா இருக்கணும்னு அவருக்கு ஆசை, இருந்துட்டுப் போகட்டுமே” என்று கதவுப் பிடியில் கை வைத்தவள், குரலை இன்னும் தாழ்த்தினாள். “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அவர் கேட்டா, மேலிடத்துலேர்ந்து ரகசியமாத் தகவல் வந்துச்சுன்னு சொல்லிடுங்க.”