குளவி அடைத்த குழாய்

ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாயில் குளவி ஒருத்தி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“அடைக்காதே தாயே, தண்ணி திரும்பி வீட்டுக்குள்ள சொட்டும்” என்றது குழாய்.

“சொட்டட்டுமே. குளவி கூடு கட்டினா பிள்ளை பிறக்கும்னு இந்த வீட்ல யாரும் கலைக்க மாட்டாங்க.”

“பிறந்தாச்சு. போய்ப் பாரேன்.”

குளவி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் தூங்கிய பிள்ளையை எழுப்பப் பயந்து, தொட்டில்மேல் விழும் ஒவ்வொரு சொட்டையும் அம்மாக்காரி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தாள்.

குளவி திரும்பி வந்து, கட்டிய மண்ணையெல்லாம் கடித்துத் துப்பினாள். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

“முட்டையிடுற நேரத்துல நான் எங்கே போவேன்?”

“ஜன்னல் மூலை காலிதான். மண் குழைக்கத் தண்ணி நான் தர்றேன்.”

உள்ளே அம்மாக்காரி கையை நீட்டியபடியே இருந்தாள். அடுத்த சொட்டு வரவேயில்லை.